எடை குறையாமல் நின்றுவிடுவது ஏன்?

உடம்பு பெருத்துவிட்டது, குறைக்க வேண்டும் என்னும் பேச்சு எழாத வீடு இன்று அரிது. விடியற்காலையில் கோயில் மைதானத்தைச் சுற்றி நடப்போர் எத்தனை பேர்! இரவுச் சோற்றை விட்டுக் கோதுமைத் தோசைக்கு மாறியோர் எத்தனை பேர்! முதல் இரண்டு மூன்று மாதம் எடை மளமளவென்று இறங்குகிறது. பார்ப்பவர்கள் எல்லாம் "இளைத்துவிட்டீர்களே!" என்கிறார்கள். பிறகு ஒரு நாள் எடைக் கருவியின் முள் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதே நடை, அதே உணவு. எடை மட்டும் அசைவதில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கிறார்கள். பிறகு, "எல்லாம் வீண்" என்று நடையையும் விட்டு, பத்தியத்தையும் விட்டு, பழைய எடைக்கே திரும்பிவிடுகிறார்கள். எங்கள் வகுப்பில் பலருடைய வீட்டில் நடந்த கதை இது. முள் நிற்பதற்கான காரணத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதை எங்களால் இயன்ற அளவு இங்கே விளக்குகிறோம்.

உடலின் எடைக்குக் கணக்குப் பார்த்த முதல் மனிதர்களுள் ஒருவர் இத்தாலி நாட்டு மருத்துவர் சாந்தோரியோ. தராசில் தொங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து, அதில் அமர்ந்து, தாம் உண்பதையும் பருகுவதையும் கழிப்பதையும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். உள்ளே சென்றதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு ஒத்துவரவில்லை. பெரும் பகுதி கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது என்று 1614-இல் நூலாக வெளியிட்டார். அவருக்குப் பொறுமை மிகுதி என்றே சொல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாமல் போகும் அந்தப் பங்கை இன்று நாம் அறிவோம். உண்ட உணவு உடலில் எரிந்து ஆற்றலாகிறது. மிஞ்சுவது மூச்சுக் காற்றாகவும் நீராகவும் வெளியேறுகிறது. ஆற்றலைக் கலோரி என்னும் அளவால் குறிக்கிறோம் (பேச்சில் கலோரி என்பது உண்மையில் கிலோ கலோரியே). உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் நாள்தோறும் செலவிடும் ஆற்றலில் 60 முதல் 70 விழுக்காடு, இதயம் துடிக்கவும், மூளை இயங்கவும், உடல் வெப்பம் காக்கவும் போய்விடுகிறது. இதற்கு அடிப்படை வளர்சிதை மாற்றம் என்று பெயர். உணவைச் செரிக்கவே ஏறக்குறைய 10 விழுக்காடு வேண்டும். மிச்சம்தான் நடை, ஓட்டம், வீட்டுவேலை எல்லாவற்றுக்கும்.

இனி, பலரும் போடும் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 80 கிலோ எடையுள்ள ஓர் அம்மாள் நாளுக்கு 300 கலோரி குறைத்து உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,09,500 கலோரி மிச்சம். 7,700 ஆல் வகுத்தால் 14 கிலோ குறைய வேண்டும். இரண்டாம் ஆண்டில் இன்னும் 14 கிலோ. இப்படியே போனால் ஆறாம் ஆண்டு முடிவதற்குள் அந்த அம்மாளே காணாமல் போய்விட வேண்டும்! அப்படி எவரும் காணாமல் போனதில்லை. ஆகவே கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

உடலின் செலவு மாறாமல் இருக்கும் என்று எண்ணுவதே பிழை. உடல் சிறுத்தால் அதற்கு வேண்டிய ஆற்றலும் சிறுக்கிறது. 80 கிலோவைச் சுமந்து மாடி ஏறுவதைவிட 72 கிலோவைச் சுமந்து ஏறுவது எளிது அல்லவா? கெவின் ஹால் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, நாளுக்கு 300 கலோரி விடாமல் குறைத்துவந்தால் முதல் ஆண்டில் ஏறக்குறைய 6 கிலோவும், மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 12 கிலோவும் குறையும், அதற்குமேல் குறையாது. எடை நிற்பது தோல்வியின் அடையாளம் என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஒரு நாள் அது நின்றே தீரும்.

தொடக்கத்தில் அத்தனை வேகமாக இறங்குவதும் முழுக்கக் கொழுப்பு அன்று. ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். உணவைக் குறைத்ததும் முதலில் செலவாவது இதுவே. கூடவே நீரும் போய்விடுகிறது. முதல் வாரத்து வேகத்தைக் கண்டு மகிழ்ந்தவர் மூன்றாம் மாதத்தில் சோர்ந்துபோவதில் வியப்பில்லை.

உடல் தன் செலவைச் சுருக்கும் விதத்தை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு, இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. போரால் ஐரோப்பாவில் மக்கள் பட்டினியில் வாடினார்கள். அவர்களை மீட்கும் வழியை அறிய ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஆய்வொன்றைத் திட்டமிட்டார். 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தார்கள். ஆயுதம் ஏந்துவது மனச்சாட்சிக்கு விரோதம் என்று போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். கொல்ல மாட்டோம், ஆனால் பிறருக்காகப் பசித்திருப்போம் என்று வந்த அவர்களைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு உள்ளம் நெகிழ்ந்தது. 1945 பிப்ரவரி முதல் 24 வாரங்கள், முன்பு உண்டதில் ஏறக்குறைய பாதி, அதாவது சுமார் 1,570 கலோரி மட்டுமே கொடுக்கப்பட்டது. உருளைக்கிழங்கும் ரொட்டியும் மக்ரோனியும்தான் பெரும்பாலும் உணவு. வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். தவக்காலத்தில் நாம் விடும் ஒருவேளை உணவு எங்கே, இது எங்கே!

சராசரியாக அவர்கள் உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. அடிப்படை வளர்சிதை மாற்றமோ ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்துவிட்டது. எடை குறைந்த அளவைவிட இது அதிகம். நாடித்துடிப்பு மெதுவாயிற்று. கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். படி ஏறவே தயங்கினார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்து இரவெல்லாம் படித்தார்கள்! வருவாய் குறைந்த குடும்பம் விளக்கை அணைத்து, செலவை ஒடுக்கிக் குடித்தனம் நடத்துவதைப் போல உடலும் நடத்துகிறது. மிகக் கடுமையாகப் பட்டினி கிடந்து இளைக்க நினைப்போருக்கு இதில் பாடம் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் முப்பது வாரத்தில் மிக வேகமாக இளைத்த 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் பெருத்துவிட்டார்கள். அப்போதும் அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல், இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே இருந்தது.

பசியும் சும்மா இருப்பதில்லை. கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்னும் இயக்குநீர் சுரந்து, சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கிறது. இது 1994-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். உடனே மூளை, "உண்ணு, உண்ணு" என்று தூண்டும். எடை ஒரு கிலோ குறைந்தால் உடலின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்று 2016-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். செலவு குறைவதைவிடப் பசி கூடுவதே பெரிது என்பதைக் காண்க. மூன்று ஆண்டுகள் கழித்து நிற்க வேண்டிய எடை பலருக்கு ஆறு மாதத்திலேயே நின்றுவிடுவது இதனால்தான். அவர்கள் அறியாமலே கை தாராளமாகிவிடுகிறது.

இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். "நான் என்ன பொய்யா சொல்கிறேன்?" என்பார்கள். பொய் இல்லை. எவ்வளவு குறைத்து உண்டும் இளைக்கவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை 1992-இல் நியூயார்க்கில் ஆராய்ந்தார்கள். தனி வகை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொண்ட நீரைப் பருகச் செய்து, அவை சிறுநீரில் குறையும் வேகத்தைக்கொண்டு உடலின் உண்மையான செலவை அளந்தார்கள். வளர்சிதை மாற்றத்தில் குறை ஒன்றும் இல்லை. உண்மையில் உண்டதில் பாதியளவையே அவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். செய்த உடற்பயிற்சியையோ ஒன்றரை மடங்காக எழுதியிருந்தார்கள். ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. நினைவு அப்படிப்பட்டது.

நம் சமையலறையையே பார்ப்போமே. 70 கிலோ எடையுள்ளவர் மூன்று கிலோமீட்டர் நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். வீடு திரும்பிக் கையளவு வேர்க்கடலை, அதாவது 30 கிராம், கொறித்தால் 170 கலோரி வந்து சேர்ந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. காப்பிக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை வீதம் நாளுக்கு மூன்று வேளை என்றால் அதுவும் 120. பிள்ளைகள் தட்டில் மீதம் வைத்ததை வீணாக்கக்கூடாது என்று வாயில் போட்டுக்கொள்ளும் தாய்மாருக்கு அந்தக் கணக்கே தனி. காலையில் நடந்துவிட்டோம் என்னும் நிறைவில் மற்ற நேரம் முழுதும் அமர்ந்துவிடுவதும் உண்டு.

நின்ற முள்ளை அசைக்க என்ன செய்யலாம்? தினமும் எடை பார்த்து வருந்த வேண்டாம். உப்பும் மாதவிலக்கு நாட்களும் உடலில் நீரைக் கூட்டி ஒன்றிரண்டு கிலோ மாற்றிக் காட்டும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் பார்ப்பது போதும்; தையல் நாடாவால் இடுப்பையும் அளந்து குறித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் மட்டும் எண்ணெய், சர்க்கரை, நொறுக்குத்தீனி எல்லாவற்றையும் அளந்து, உண்ட உடனே எழுதிவைத்தால் ஒளிந்திருக்கும் கலோரி வெளிப்படும். சோற்றின் ஒரு பகுதிக்குப் பதில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் சேர்த்தால் பசி அடங்கும், தசையும் கரையாது. நடையோடு, தண்ணீர்க் குடம் தூக்குவது போன்ற பளு தூக்கும் பயிற்சியும் வேண்டும். தைராய்டு குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, சில மருந்துகள் ஆகியவையும் எடையைத் தடுக்கும் என்பதால் மருத்துவரைக் காண்பது நன்று. இப்போது பெயர்பெற்றிருக்கும் செமாகுளூடைடு ஊசியிலும் ஏறக்குறைய அறுபதாம் வாரத்தில் எடை நின்றுவிடுகிறது என்று 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது!

எங்கள் வயதுத் தோழியருக்கு ஒன்று. மேலே சொன்னவை யாவும் வளர்ந்தவர்களுக்கு. காலை உணவை விட்டுவிட்டு இறைவணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுவது இளைக்கும் வழி அன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. எலும்பும் இரத்தமும் வளரும் காலத்தில் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கக்கூடாது.

எடை நின்ற பிறகும் நடப்பதால் பயன் உண்டா? இதற்குச் சென்னையிலேயே விடை கிடைத்திருக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் அவர்களும் குழுவினரும், சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் வெளியிட்டார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்துவிட்டது. நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து, சர்க்கரையும் கொழுப்பும் குறைத்து, நார்ப்பொருள் மிகுந்த உணவு உண்ணும்படி தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பின்னும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கி நடக்கிறது. அதற்குமேல் அந்தப் பயன் தேய்ந்துவிடும் என்பதால்தான் மருத்துவர்கள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நடையை விடக்கூடாது என்கிறார்கள்.