தார்ச் சாலைக்கு அப்பால்

தில்லி, புனே, போபால் போன்ற நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை ஒரு கடமை வந்து சேர்கிறது. ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள். வந்தவர்கள் ஆக்ராவோடும் ஹரித்வாரத்தோடும் திருப்தியடைந்து திரும்பிய காலம் ஒன்று உண்டு. இப்போது பனிமலையைக் கிட்டத்தில் காணவேண்டும், பாலைவனத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கவேண்டும் என்கிறார்கள். வீட்டு வாசலில் உயரமான வண்டியொன்று நிற்கிறது. இருபது ஆண்டுகளாக நகர வீதிகளில் ஓட்டிய கை இருக்கிறது. பின் என்ன குறை என்று எண்ணிப் புறப்பட்டு விடுகிறோம். தார் முடிந்து மண்ணும் மணலும் நீரும் தொடங்குமிடத்தில்தான் குறை தெரிய வருகிறது. அப்படிப் புறப்படும் அன்பர்களை உத்தேசித்தே இவ்வுரை.

இதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நம் தொழில் மொழிபெயர்ப்பு. அலுவலகத்தில் ஒருமுறை வாகனக் கையேடொன்றைத் தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. 'டிஃபரன்ஷியல்' என்ற உறுப்புக்கு 'வேற்றியக்கப் பற்சக்கரத் தொகுதி' என்று பெயர் சூட்டிப் பெருமிதம் கொண்டோம். தமிழறிந்த டிரைவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "ஐயா, இது எந்த வண்டியில் இருக்கிறது?" என்று கேட்டார். அன்றே அவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினோம். ஆகவே இங்கே டிரைவர்களின் சொற்களையே ஆளுகிறோம்.

முதலில் வண்டியை அறியவேண்டும். உயரமாயிருக்கும் வண்டியெல்லாம் நான்கு சக்கரத்துக்கும் இஞ்சின் விசை செலுத்தும் வண்டியல்ல. கடைத்தெருவில் காணும் உயர்ந்த வண்டிகளிற் பெரும்பாலானவை இரண்டு சக்கரத்தாலேயே ஓடுபவை. பழைய ஜீப், 1985-இல் அறிமுகமான மாருதி ஜிப்ஸி, மஹிந்திரா தாரின் நான்கு சக்கர இயக்க வகை ஆகியவற்றில் நான்கு சக்கரமும் இயங்குவதற்கென ஒரு சிறு கம்பி தனியே உண்டு. அதை 'லோ' என்னும் நிலைக்குத் தள்ளினால் வண்டியின் வேகம் குறைந்து இழுவிசை பெருகும். வழுக்கும் தரையில் மட்டுமே இதைப் போடவேண்டும். காய்ந்த தார்ச் சாலையில் இத்தகைய வண்டிகளை நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால், திருப்பங்களில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடவேண்டியிருக்க, இடையிலுள்ள உறுப்புகள் முறுக்கேறிச் சேதமடையும்.

டிஃபரன்ஷியலின் இயல்பையும் அறிந்துகொள்வது நலம். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும்; அதற்கு இடம் கொடுப்பதே இவ்வுறுப்பின் வேலை. ஆனால் ஒரு சக்கரம் சேற்றிலோ அந்தரத்திலோ பிடிப்பின்றி நிற்குமானால், அதே தாராள குணம் தீமையாய் முடிகிறது. பிடிப்பற்ற சக்கரம் வீணே சுழல, பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்கும். சுழலும் சக்கரத்தைத் தானே பிரேக் பிடித்து அடக்கும் அமைப்பு இக்காலத்து வண்டிகள் சிலவற்றில் உண்டு. நம் வண்டியில் அஃது இருக்கிறதா என்பதை வீட்டிலிருக்கும்போதே பார்த்துக்கொள்ளவேண்டும்; மணலில் புதைந்த பிறகு கையேட்டைப் புரட்டுவதில் பயனில்லை.

இனி மணல். ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர் அளவில் சம் என்னும் ஊரருகே மணற்குன்றுகள் உள்ளன. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டைக் கண்டவர்களுக்கு மணற்குன்று புதியதன்று. ஆனால் தேரி சிவப்பு, இது வெளிர் மஞ்சள். தேரியில் மாட்டுவண்டி புதைந்தால் மாட்டை அடிக்காமல் முதலில் பாரத்தை இறக்குவார்கள் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மணலில் மோட்டார் ஓட்டும் வித்தையும் ஏறக்குறைய அதுவே. தரைமேல் விழும் பளுவைப் பரப்பவேண்டும். டயரிலுள்ள காற்றைக் குறைப்பதே அதற்கு வழி. சாலையில் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தம் இருக்குமானால், மணலுக்கு அதை 18 பவுண்டு வரை இறக்கலாம். டயர் தரையில் நீண்டு படியும். அகழ்ந்து இறங்காமல் மேலே மிதந்து செல்லும். புதியவர்கள் 15-க்குக் கீழே போகவேண்டாம். காற்றுக் குறைந்த டயரோடு சட்டென்று திருப்பினால் டயர் வளையத்திலிருந்து கழன்றுவிடும். திரும்பத் தார்ச் சாலை ஏறுமுன் காற்றை நிரப்பியாக வேண்டும். இல்லையேல் வேகத்தில் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். அழுத்தமானியும் சிறு காற்றுப் பம்பும் இல்லாமல் மணலில் இறங்குவது சரியன்று.

மணலில் சீரான ஓட்டமே முக்கியம். கியர் மாற்றுவதற்காகத் தயங்கினால் அங்கேயே நின்றுபோகும். நிறுத்த நேர்ந்தால் பிரேக்கை அழுத்தாமல் வண்டியைத் தானாகவே ஓய விடவேண்டும். பிரேக் பிடித்தால் சக்கரத்தின் முன் மணல் மேடாகக் குவியும். இறக்கம் பார்த்து நிறுத்தினால் மறுபடி கிளம்புவது எளிது. மணற்குன்றில் நேர்க்கோட்டில் ஏறவேண்டும், நேர்க்கோட்டில் இறங்கவேண்டும். குறுக்கே சென்றால் வண்டி உருளும். காற்று வீசும் பக்கம் சரிவு மெலிதாயும் மணல் இறுகியும் இருக்கும். மறுபக்கம் செங்குத்தாகவும் பொலபொலவென்றும் இருக்கும். ஏறியவர்கள் உச்சியில் நின்று, இறங்கி நடந்து, அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போகலாகாது. நண்பகலில் நிழலே விழாதபடியால் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தோன்றும். காலை வேளையே உகந்தது.

புதைந்துவிட்டால்? அநேகர் செய்யும் பிழை, ஆக்ஸிலேட்டரை மேலும் அழுத்துவது. பத்து விநாடிக்குள் வண்டியின் வயிறு மணலில் படிந்துவிடும். சக்கரம் சுழலுகிறது, வண்டி நகரவில்லை என்று கண்ட அக்கணமே காலை எடுக்கவேண்டும். ஆட்களை இறக்கி, சக்கரங்களின் முன்னும் பின்னும் மணலை மண்வெட்டியால் வாரி, காற்றை இன்னும் சற்றுக் குறைத்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்தால் பெரும்பாலும் மீளலாம். மற்றொரு வண்டியால் இழுக்க நேரும்போது கயிற்றை எங்கே கட்டுகிறோம் என்பதில் உயிரே இருக்கிறது. டிரெய்லர் பூட்டும் உருண்டையில் கட்டுதல் ஆகாது. அது முறிந்தால் குண்டைப் போலப் பாயும். இழுக்குங்கால் கயிற்றின் மேல் கனமான கம்பளியைப் போட்டுவைத்து, கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் எல்லோரும் விலகி நிற்கவேண்டும். குழந்தைகள் வேடிக்கை பார்க்க ஓடி வருவார்கள்; அவர்களை முதலில் விலக்கவேண்டும்.

கட்ச் ரண் பிரதேசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைவெளேரென்று சிமெண்டுத் தளம் போலத் தோன்றும் உப்புப் படலத்தின் அடியில் ஈரச் சேறு இருக்கும். வழிகாட்டியின்றி, பழைய தடத்தை விட்டு அங்கே இறங்கவே கூடாது. சிறிய ரண் காட்டுக் கழுதைகளின் சரணாலயம். அனுமதி பெற்று, குறித்த பாதையிலேயே செல்லவேண்டும்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் நாமே அங்கு பிழை செய்தோம். 2018 ஜூலையில், அடல் சுரங்கப் பாதை திறக்கப்படுவதற்கு இரண்டாண்டுகள் முன்பு, நம் மைத்துனர் குடும்பத்தோடு மணாலியிலிருந்து ரோதாங் கணவாய் கடந்து ஸ்பிதிக்குப் புறப்பட்டோம். வண்டியில் எழுபது வயதான மாமியாரும் இரு குழந்தைகளும் இருந்தார்கள். காலையில் இட்லி கட்டிக்கொண்டு கிளம்பச் சுணங்கிவிட்டது. கிராம்ஃபூவில் பிரிந்து, சந்திரா நதியோரமாகச் சென்று, சத்ருவைக் கடக்கும்போது பிற்பகல் இரண்டு மணி. எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் கையைக் காட்டி, "முன்னே நாலா இருக்கிறது, இப்போது போகாதீர்கள்" என்று ஹிந்தியில் சொன்னார்.

பல ஆண்டு தில்லியில் வசித்தவர்களுக்கு 'நாலா' என்றால் சாக்கடைக் கால்வாய். சாக்கடைக்கா இவ்வளவு எச்சரிக்கை என்று நாம் சிரித்துவிட்டு மேலே சென்றோம். மலை நாட்டில் அதே சொல்லுக்குக் காட்டாறு என்று பொருள். பிழைப்புக்கே மொழியை நம்பியிருக்கும் நமக்கு இது தெரியாமற்போனது இன்றும் கூச்சமாயிருக்கிறது.

பனியும் பனியாறும் வெயிலில் உருகுகின்றன. உருகிய நீர் மேலிருந்து பாதைக்கு வந்து சேரச் சில மணி நேரமாகும். ஆதலால் விடியற்காலையில் கணுக்கால் அளவு ஓடும் அதே ஓடை, பிற்பகல் முதல் மாலை வரை இடுப்பளவு பெருகக்கூடும். நாம் கண்டபோது நீர் பால் கலந்த சாம்பல் நிறமாய்ச் சுழித்து ஓடிற்று. அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் ஓசை தெளிவாகக் கேட்டது. அந்த ஓசை கேட்டால் அவ்வேளையில் கடக்கும் எண்ணத்தையே விட்டுவிடவேண்டும். நமக்கு முன் நின்ற சிறு கார் ஒன்று துணிந்து இறங்கியது. நடு ஓடையில் இஞ்சின் நின்றுவிட்டது. ஓட்டியவர் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தார். மூன்றாம் முறை உலோகம் மோதும் சப்தம் கேட்டது. காற்றை இறுக்கலாம், நீரை இறுக்க முடியாது. இஞ்சினுள் புகுந்த நீரைப் பிஸ்டன் அழுத்த முயல, தாங்கும் தண்டு வளைந்துவிடும். நீரில் நின்ற இஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். அந்தக் காரிலிருந்த தம்பதியரைக் கயிறு போட்டுக் கரைசேர்க்க நான்கு லாரிக்காரர்கள் பனிநீரில் இறங்கினார்கள். நம்மை எச்சரித்தவரும் அவர்களில் ஒருவர்.

நாம் சத்ருவுக்குத் திரும்பி, தாபா ஒன்றில் இரவைக் கழித்தோம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆறிப்போன இட்லியை லாரிக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். காலை ஆறு மணிக்கு அந்த ஓடை முழங்காலுக்கும் வெகு கீழே, கண்ணாடி போல ஓடிக்கொண்டிருந்தது.

கடக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். முந்திச் சென்றவர் எவ்வழியே ஏறினார் என்று பார்க்கவேண்டும். ஓடை அகன்றிருக்கும் இடத்தில் ஆழம் குறைவு, குறுகுமிடத்தில் அதிகம். ஓட்டம் மெதுவாயிருந்தால் கோலூன்றி நடந்து பார்க்கலாம். விரைந்தோடும் நீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் மனிதனே நிற்கமுடியாது, நடந்து பார்க்கவும் வேண்டாம். நீர் சக்கரத்தின் குடத்துக்கு மேலே ஏறுமானால் புதியவர்கள் திரும்பிவிடவேண்டும். முதல் கியரில், லோவில், நடை வேகத்தில், ஒரே சீராகச் செல்லவேண்டும். இடையில் கிளட்சை மிதிப்பதோ கியரை மாற்றுவதோ கூடாது. பாய்ந்து சென்று நீரை வாரி இறைப்பது படத்துக்கு அழகு; காற்றுக் குழாய்க்குள் நீர் புகவும் அதுவே வழி. கரையேறிய பின் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி ஈரத்தைப் போக்கவேண்டும்.

மலைச் சரிவில் இறங்கும்போது லோ முதல் கியரில் போட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கையே நம்பினால் அது சூடேறிப் பிடிப்பு தளரும். ஏற்றத்தில் இஞ்சின் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்ப முயல்வது பேராபத்து. பிரேக்கை அழுத்தியபடி பின் கியர் போட்டு, இஞ்சினை ஓட்டி, நேராகப் பின்னாலேயே இறங்கவேண்டும். கியரற்ற நிலையில் விடுவது கூடாது. ஸ்டியரிங்கைப் பிடிக்கையில் கட்டைவிரலை உள்ளே மடக்காமல் வளையத்தின் மேல் வைக்கவேண்டும். கல்லில் சக்கரம் இடித்தால் ஸ்டியரிங் திடீரெனச் சுழன்று விரலை முறித்துவிடும்.

சேறு எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆழமான தடத்துள் சிக்காமல் இரு தடங்களுக்கும் இடைப்பட்ட மேட்டில் போவது நல்லது.

ஹிந்தியில் சில சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் 'நாலா' காட்டாறு. 'தல்தல்' என்றால் உள்ளிழுக்கும் சேறு. ராஜஸ்தானத்தில் 'தோரா' என்றும் 'டீபா' என்றும் சொல்வது மணற்குன்று. 'ரேத்' மணல். உள்ளூர்க்காரர் இவற்றில் ஒன்றைச் சொல்லிக் கையை ஆட்டினால் இஞ்சினை நிறுத்தி, இறங்கி, எவ்வளவு தூரம், எந்த நேரம் என்று கேளுங்கள். டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டவருக்குக் கேட்ட கூலியைப் பேரமின்றிக் கொடுங்கள். வெறும் வெளி என்று நாம் நினைத்து ஓட்டிய இடம் அவருடைய ஆடுகள் மேயும் நிலமாயிருக்கலாம்.