உடைத்துப் பார்க்க ஒரு விக்கி

2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியதும் விக்கிப்பீடியா திணறிப்போனது. படிக்க வந்த கூட்டம் மட்டும் அதற்குக் காரணமில்லை. ஒரு பக்கத்தை ஒருமுறை தயாரித்துச் சேமித்து, அதையே எல்லோருக்கும் வழங்குவதுதான் அங்கே வழக்கம். அன்றைக்கோ அந்தப் பக்கத்தை ஆளாளுக்குத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். திருத்தத் திருத்தச் சேமித்த பிரதி செல்லாததாகிக்கொண்டிருந்தது. நீண்ட அந்தப் பக்கத்தைப் பல சர்வர்கள் ஒரே சமயத்தில் புதிதாகத் தயாரிக்கப் போய் மூச்சுமுட்டின. பிறகு 'பூல்கவுன்டர்' என்ற ஏற்பாடு வந்தது. ஒன்றிரண்டு மட்டும் தயாரிக்க, மற்றவை காத்திருக்கும்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியை மடிக்கணினியில் நிறுவிப் பத்துப் பக்கம் எழுதிப் பார்ப்பவர் கண்ணில் இந்தக் கோளாறு படவே படாது. இத்தகைய கோளாறுகளை முன்கூட்டியே பிடிக்கச் சோதனை சர்வர் வேண்டும் என்றதும் பலரும் எந்திரத்தின் வேகத்தைத்தான் யோசிக்கிறார்கள். முதலில் வேண்டியது உண்மையான தரவு. அதன் சிக்கல்களோடு சேர்த்து.

விக்கிப்பீடியாவின் தரவை எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலக் கட்டுரைகளின் இன்றைய வடிவம் மட்டுமே, சுருக்கிய நிலையிலும், 20 ஜிபியைத் தாண்டும். மீடியாவிக்கியோடு வரும் இறக்குமதி நிரல் பக்கம் பக்கமாக ஏற்றுவதால், இவ்வளவு பெரிய விக்கிக்கு அது சரிப்படாது. தரவுத்தளத்தில் நேரடியாக ஏற்றுவதே வழி. ஏற்றினாலும் வேலை முடியாது. பல பக்கங்களில் பொதுவாகப் பயன்படும் துண்டுகளை வார்ப்புரு என்பார்கள்; தகவற்பெட்டி என்ற வார்ப்புரு இன்னொரு வார்ப்புருவை அழைக்கும், அது ஒரு லுவா நிரலை அழைக்கும். இடையில் ஒன்று விடுபட்டால் ஆயிரக்கணக்கான பக்கங்களில் சிவப்பெழுத்தில் பிழை தெரியும். லட்சம் பக்கங்களில் இருக்கும் ஒரு வார்ப்புருவைத் திருத்தினால் அத்தனை பக்கங்களும் மறு தயாரிப்புக்கு வரிசையில் நிற்கும். சோதிக்க வேண்டியது இத்தகைய இடங்களைத்தான். மாதிரிக்குச் சில பக்கங்களே போதுமென்றால், மிக நீளமானவற்றையும் அதிகம் திருத்தப்படுபவற்றையும் எடுங்கள். பழக, ஒன்றரை லட்சம் கட்டுரைகளைக் கடந்த தமிழ் விக்கிப்பீடியா நல்ல அளவு; சாதாரணக் கணினியே தாங்கும்.

சோதனை சர்வருக்குள் வரக்கூடாதவையும் உண்டு. பொதுவில் கிடைக்கும் தரவில் கடவுச்சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருக்காது. சொந்த விக்கியை அப்படியே நகலெடுப்பவர்கள் அவற்றை அழித்தே தீர வேண்டும். மின்னஞ்சல் வசதியையும் அணைத்துவிட வேண்டும்; இல்லையென்றால் சோதனைத் திருத்தங்களுக்குக்கூட உண்மையான ஆட்களுக்கு அறிவிப்பு போய்விடும். தேடுபொறிகளும் உள்ளே வரக்கூடாது.

இத்தனை செய்தாலும் நகல் நகல்தான். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவிலேயே, 'பீட்டா' என்ற சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகும், மீடியாவிக்கியின் புதிய பதிப்பைச் செவ்வாயன்று சோதனை விக்கிகளிலும், புதனன்று விக்சனரி போன்ற துணைத் திட்டங்களிலும், வியாழனன்றுதான் எல்லா விக்கிப்பீடியாக்களிலும் விடுகிறார்கள். நடுவில் பெரிய பிழை தெரிந்தால் பழைய பதிப்புக்கே திரும்பிவிடுவார்கள்.

உங்கள் அலுவலகத்திலோ கல்லூரியிலோ விக்கி இருந்தால், சோதனை சர்வரை உங்கள் காப்புப் பிரதியிலிருந்தே எழுப்புங்கள். அந்தப் பிரதி உண்மையில் மீள்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.