சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகோட்டம்

சென்னையில் பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்குமான பாய்மரப் படகோட்டம் துறைமுகத்தை ஒட்டியே வளர்ந்தது. கடற்கரை இவ்வளவு நீளமாக இருக்கையில் படகுகளைத் துறைமுகத்துக்குள் கட்டுவது ஏன் என்ற கேள்வி எழலாம்.

சோழமண்டலக் கடற்கரை நேர்கோடு போன்றது. ஒதுங்க விரிகுடாவோ தீவோ இல்லை. கரையருகே எந்நேரமும் அலை உடையும். கட்டுமரம் இதற்கென்றே உருவானது. அலைமேல் ஏறி வந்து மணலில் நின்றுவிடும், கட்டிவைக்கத் தேவையில்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்த மசுலாப் படகும் அப்படியே. ஆணி இல்லாததால் அலை மோதும்போது வளைந்து கொடுக்கும். ஆழமான அடிக்கட்டை கொண்ட பாய்மரப் படகு இவ்விடத்தில் கவிழும் அல்லது உடையும்.

துறைமுகப் பணி 1876இல் தொடங்கியது. முடியும் தறுவாயில், 1881ஆம் ஆண்டுப் புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. கிழக்கு நோக்கியிருந்த வாயில் வழியே அலையும் மணலும் புகுந்ததால், பின்னர் அது மூடப்பட்டு வடகிழக்கில் புது வாயில் அமைந்தது. அப்பணியை நடத்திய துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், 1911இல் பாய்மரப் படகுச் சங்கம் ஒன்று தோன்றவும் காரணமானார். இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அதுவே.

படகைக் கட்டும்போது காற்றின் திசையே முதலில் பார்க்கப்படும். சென்னையில் வெயில் ஏறியபின் கடற்காற்று வீசும். மிதவைக்குக் காற்றின் கீழ்ப்புறமிருந்து வந்து, அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பினால் பாய் வெறுமனே படபடக்கும். வேகம் தானே குறையும். அந்த நேரத்தில் மிதவைக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். வேகம் முன்னதாகவே போய்விட்டால் சுற்றி வந்து மறுபடி முயல்வதே நல்லது. கையை நீட்டிச் சாய்ந்து எட்டிப் பிடிப்பதில்தான் விபத்துகள் நேர்கின்றன. சுவரோரம் கட்டினால் கயிற்றில் தளர்வு விட வேண்டும். இங்கே கடல்மட்டம் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர். போலந்தின் பால்டிக் கரையில் ஓதமே இல்லை எனலாம், ஆனால் பலத்த காற்று நீர்மட்டத்தை மாற்றிவிடும்.

புயல் எச்சரிக்கை வந்தால் பெரிய கப்பல்கள் ஆழ்கடலுக்குச் செல்லும். சிறு படகுகளைக் கரையேற்றிப் பாய்மரத்தை இறக்கிக் கட்டுவதே வழி.

துறைமுகம் பாதுகாப்பு வளையத்தில் இருப்பதால் இவ்விளையாட்டு நகரவாசிகள் கண்ணில் படுவதில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலை முடியும் இடத்திலிருந்து துறைமுகம் மிக அருகில்தான், என்றாலும் அச்சாலையில் தினமும் செல்வோரில் பலர் இதை அறியார். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணாக 2021இல் டோக்கியோவுக்குச் சென்றபோதுதான் சற்றுக் கவனம் திரும்பியது. அவர் முதலில் பாய் பிடித்துப் பழகியது, தமிழ்நாடு பாய்மரப் படகோட்டச் சங்கத்தின் கோடைப் பயிற்சி முகாமில்.