ஏழு-எட்டு எப்படி ஆகஸ்ட் ஆனது?

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் கூடவே ‘இனி எல்லாம் ஏ.ஐ.தான்’ என்ற மேளமும் கொட்ட ஆரம்பித்துவிட்டது. க.விலக்கில் மருத்துவம், போடியில் பொறியியல், பெரியகுளத்தில் தோட்டக்கலை என்று தேனி மாவட்டத்திலேயே மூன்று விதமான கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே முதலாண்டு சேருகிறவர்கள் கணினியில் முதலில் எதைப் பழக வேண்டும்? என்னைக் கேட்டால், எக்செல்லைத் திறந்து ஒரு கட்டத்தில் 7-8 என்று தட்டி என்டர் அழுத்தச் சொல்வேன்.

7-8 என்றால் என்ன என்று போடிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏலக்காயைச் சல்லடையில் சலித்து 6-7, 7-8, எட்டுக்கு மேல் என்று மில்லிமீட்டர் கணக்கில் பிரிக்கிறார்கள். விலையும் அதைப் பொறுத்துத்தான். தேதியை நாள்-மாதம் என்று எழுதும் நம் ஊர் அமைப்புள்ள கணினியில் 7-8 என்று தட்டினால் கட்டத்தில் தெரிவது 07-Aug. ஏலக்காய் ஆகஸ்ட் ஏழாம் தேதியாகிவிட்டது.

சரி, தெரியாமல் செய்துவிட்டது, ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடலாம் என்று அந்தக் கட்டத்தின் வகையை மாற்றிப் பாருங்கள். 7-8 திரும்பி வராது. 2025-இல் தட்டியிருந்தால் 45876 என்று ஒரு எண் வந்து நிற்கும். எனக்கு அலுக்காத வேடிக்கை இதுதான்.

எக்செல்லுக்குத் தேதி என்று ஒன்று கிடையாது; நாட்களின் எண்ணிக்கை மட்டும்தான். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்துக்கொண்டு அது எண்ணும் கணக்கில் 2025 ஆகஸ்ட் 7-க்கு 45876 வரும். உள்ளே பதிவாவது அந்த எண். திரையில் தெரியும் 07-Aug அதற்குப் போட்ட சட்டை. நீங்கள் தட்டிய ஏழும் கோடும் எட்டும் எங்கேயும் பதிவாகவே இல்லை.

கடைக்குப் புதிதாக வந்த ஒரு கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி “ஏழு எட்டு” என்று சொல்லி வாய் மூடுவதற்குள், ‘ஆகஸ்ட் ஏழுதானே’ என்று பேரேட்டில் எழுதிவிட்டு, துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறார். கேள்வி கேட்பதில்லை. சந்தேகம் வந்ததாக முகத்திலும் காட்டுவதில்லை. இந்த ஆண்டு சொன்ன தேதியை இந்த ஆண்டுக் கணக்கிலும், அடுத்த ஆண்டு சொன்னதை அடுத்த ஆண்டுக் கணக்கிலும் எழுதுகிறார். போதாததற்கு, முன்பு வேலை பார்த்த கடையின் தப்புக்கணக்கு ஒன்றையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்தப் பழைய கடையின் பெயர் லோட்டஸ் 1-2-3. விரிதாள் மென்பொருள்களின் வரலாற்றைச் சுருக்கமாகவே முடிக்கிறேன்: 1979-இல் விசிகால்க், 1983-இல் லோட்டஸ், 1985-இல் எக்செல். 1900 லீப் ஆண்டு இல்லை. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட வேண்டும். லோட்டஸ் அதை லீப் ஆண்டாகவே எடுத்துக்கொண்டது. லோட்டஸ் கோப்புகள் தன்னிடமும் சரியாகத் திறக்க வேண்டும் என்று எக்செல் அந்தப் பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் 60 என்று தட்டித் தேதியாக மாற்றினால், உலகத்தில் விடியாத 1900 பிப்ரவரி 29 வந்து நிற்கும். கிழமை கேட்டால் கூசாமல் புதன் என்று சொல்லும். இன்னொரு மென்பொருளான லிப்ரே ஆபீஸில் அதே 60 பிப்ரவரி 28.

நாற்பதுக்கு மேல் வயதான அந்தப் பிழையால் இன்று யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் வருவது ஆண்டுக் கணக்கில். ஏலக்காய்ப் பறிப்பு ஆண்டின் பின்பாதியில் சூடு பிடித்து மறு ஆண்டுத் தொடக்கம்வரை நீள்கிறது. 2025 டிசம்பரில் தட்டிய 7-8 உள்ளே 45876. ஜனவரி பிறந்த பிறகு தட்டிய 7-8 உள்ளே 46241. திரையில் இரண்டும் 07-Aug. ஒரே காய், ஒரே சல்லடை. எண்ணச் சொன்னால் எக்செல் இரண்டு ரகமாக எண்ணும். ஒரே ஆண்டில் தட்டியவற்றை வரிசைப்படுத்தினால் 6-7 முன்னாலும் 7-8 பின்னாலும் ஒழுங்காகவே நிற்பதால் அதுவரை சந்தேகமும் வராது.

ஏலக்காயோடு போகிற விஷயமில்லை இது. கம்பம் திராட்சைத் தோட்டத்துக்கு வாங்கிய 1/2 அங்குலக் குழாய் பிப்ரவரி ஒன்றாகும். சமூக மருத்துவ ஆய்வில் 5-9 வயதுப் பிள்ளைகள் செப்டம்பர் ஐந்தாம் தேதி ஆவார்கள். 00742 என்ற நோயாளி எண் வெறும் 742 ஆகும். பதினாறு இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். உலகத்துப் பெரிய ஆய்வகங்களும் தப்பவில்லை. எக்செல் பட்டியலோடு வெளிவந்த மரபணுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் மரபணுப் பெயர் தேதியாகியிருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு கடைசியில் மென்பொருளோடு மல்லுக்கட்டாமல், ‘மார்ச்1’ என்பதை ‘மார்ச்எஃப்1’ என்றும் ‘செப்ட்1’ என்பதை ‘செப்டின்1’ என்றும் மாற்றி 2020-இல் அறிவித்தது. இந்தத் தானியங்கி மாற்றங்கள் சிலவற்றை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் தந்தது. தேதி விஷயத்தில் அது எழுத்தும் எண்ணும் ஒட்டிவரும் பெயர்களுக்கு உதவும். நம் 7-8-க்கு உதவாது.

மருந்து எளிது. தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். பின்னால் ஆக்கிப் பயனில்லை. இன்னும் நல்லது, ‘குறைந்த அளவு’, ‘கூடிய அளவு’ என்று இரண்டு நெடுவரிசை போட்டு ஏழைத் தனியாகவும் எட்டைத் தனியாகவும் எழுதுவது. வந்த தரவின் ஒரு நகலைத் தொடாமல் வையுங்கள். சி.எஸ்.வி. கோப்பை இரண்டு முறை கிளிக் செய்து எக்செல்லில் திறக்காதீர்கள். திறக்கும்போதே இந்த வேலை நடந்துவிடும்.

‘இதையெல்லாம் ஏ.ஐ. பார்த்துக்கொள்ளாதா?’ என்பார்கள். 07-Aug என்பது ஏலக்காய் அளவாக இருக்கலாம் என்று அது ஊகிக்கலாம். ஒரு மென்பொருளின் ஊகத்தால் கெட்டதை இன்னொன்றின் ஊகத்தால் சரிசெய்வதற்குப் பெயர் அறிவியல் இல்லை. ஊகம் சரியா என்று பார்க்கவும் கையில் அந்த மூல நகல் வேண்டும்.

ஆகவே மடிக்கணினி கொடுத்த முதல் மாதமே ஒரு செய்முறைத் தேர்வு வைக்கலாம். 7-8, 1/2, 5-9, 00742, பதினாறு இலக்க எண் ஒன்று. இவற்றைத் தாளில் கொடுத்து, எக்செல்லில் ஏற்றி, சேமித்து, மூடி, திறந்து, கொடுத்தபடியே திருப்பித் தரச் சொல்ல வேண்டும். தந்தவர்கள் மெஷின் லேர்னிங் வகுப்புக்குப் போகலாம்.