சென்னையின் தெற்கு வாசல்கள்

தெற்கேயிருந்து சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்குச் சாலை வழியாக இரண்டு வாசல்கள். ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் வருகிறவர் தாம்பரத்தைக் கண்டதும் 'ஊர் வந்தாச்சு' என்று பெட்டியை இறக்க எழுந்துவிடுவார். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவருக்கு அந்த நினைப்பு கோவளத்தில் வரும். இரண்டுமே பெருநகர சென்னை மாநகராட்சிக்கு உட்பட்டவை அல்ல. கோவளம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. தாம்பரம் 2021 நவம்பரில் தனி மாநகராட்சி ஆனது. ஊர் திரும்புகிறவர் எல்லைக்கல்லைப் பார்ப்பதில்லை.

ஒரு காலத்தில் கோவளம் கடல்வழி வாசலாகவும் இருந்தது. இன்றைய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுகத்திலிருந்து வந்த வணிகக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கிடங்கு வைத்திருந்தது. ஆற்காடு நவாபுகள் கோட்டை கட்டினார்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன அந்தக் கோட்டையை 1752இல் ராபர்ட் கிளைவ் பிடித்தார்; பிறகு அது தகர்க்கப்பட்டது. மதராஸ் பக்கத்திலேயே இன்னொரு துறைமுகம் வளரும் வாய்ப்பும் அத்தோடு போயிற்று. மீனவர் குப்பம், தமீம் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா கோயில் எல்லாம் நடக்கும் தூரத்துக்குள் இருக்கும் ஊராகக் கோவளம் தங்கிவிட்டது. இப்போது அலைச்சறுக்கு கற்க வருகிறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். 2021இல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது.

கோவளத்தைத் தாண்டினால் முட்டுக்காடு பாலம். மேற்கே படகுத்துறை, கிழக்கே முகத்துவாரம். பயணி ஊருக்குள் நுழையும் இந்த இடத்தில்தான் தென்சென்னையின் மழைவெள்ளம் ஊரைவிட்டு வெளியேறுகிறது. கிழக்குத் தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், கால்வாய் வழியே இந்த முகத்துவாரத்துக்கும் வரும். சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடங்களும் குப்பையும் விழுங்கிவிட்டன. மிஞ்சியதை 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். கோடையில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைத்துக்கொள்ளும்; மழைக்கு முன் தூர்வாராவிட்டால் வெள்ளம் தெருக்களில் தேங்கி நிற்கும். டிசம்பரில் ஊர் திரும்புகிறவர் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீரைப் பார்ப்பதற்கு வானத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஜி.எஸ்.டி. சாலையின் குழப்பம் வேறு வகை. வெளியூர்ப் பேருந்துகள் முன்பு பாரிமுனை வரை போயின. 2002இல் நிலையம் கோயம்பேட்டுக்கு மாறியது. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை ஒட்டிய கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஊர் வளர வளர வாசல் தெற்கே நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. நகருக்குள் நெரிசலைக் குறைக்க எடுத்த முடிவு இது. ஆனால் விடியற்காலையில் மூட்டை முடிச்சோடும் தூங்கும் பிள்ளையோடும் இறங்கி, வடசென்னை வீட்டுக்கு இன்னொரு பயணம் போகவேண்டியவருக்கு இந்த நியாயம் எளிதில் பிடிபடாது. பொங்கல், தீபாவளி முடிந்து திரும்பும் இரவில் பரனூர் சுங்கச்சாவடியிலிருந்தே வண்டிகள் ஊரும். இனி இந்த ஊரே வேண்டாம் என்று ஜன்னலோரத்தில் அலுத்துக்கொள்கிறவர் மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

தாம்பரத்துக்குத் தெற்கு வாசல் என்ற பெயரை வாங்கித் தந்தது பேருந்தைவிட ரயில்தான். கடற்கரை – தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. மீட்டர் பாதை 2004இல் நின்று அகலப்பாதை வந்தபோதும் அந்த வழித்தடம் மாறவில்லை. தெற்கிலிருந்து வரும் விரைவு ரயிலில் பாதிப்பேர் எழும்பூர் வரை போகாமல் இங்கேயே இறங்கி மின்ரயிலுக்கு மாறிக்கொள்கிறார்கள்.

இரண்டு வாசல்களையும் இணைக்கும் குறுக்குச் சாலையும் உண்டு. கடற்கரைச் சாலையில் வருகிறவர் தாம்பரம் பக்கம் போகவேண்டுமென்றால் அடையாறு வரை போய்ச் சுற்றவேண்டாம். கோவளத்தில் மேற்கே திரும்பி, கேளம்பாக்கம் வழியாக வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துவிடலாம்.