சரக்கு வரும் ஊரின் பாஷை

நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய வீட்டிலும் இன்று பிள்ளைகளை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் பேச்சு நடக்கிறது. எந்த நாடு, எவ்வளவு செலவு, விசா கிடைக்குமா என்று கேட்கிறோம். அந்த ஊர் பாஷை பிள்ளைக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்பதில்லை. இங்கிலீஷ் போதும் என்று இருந்துவிடுகிறோம். வியாபாரியின் கணக்குப்படி இது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

நம் கடைச் சரக்கையே பாருங்கள். உளுந்து பர்மாவிலிருந்து வருகிறது. துவரை மொசாம்பிக்கிலிருந்து வருகிறது. அதற்கென 2016-இல் இரு அரசுகளும் ஒப்பந்தமே போட்டன. முந்திரிக் கொட்டை ஐவரி கோஸ்ட், பெனின் நாடுகளிலிருந்தும், கிராம்பு மடகாஸ்கரிலிருந்தும் வருகின்றன. மொசாம்பிக்கில் ஆட்சிமொழி போர்த்துக்கீசியம். மற்ற மூன்று ஆப்பிரிக்க நாடுகளிலும் அலுவலகக் காகிதம் பெரும்பாலும் பிரெஞ்சில் இருக்கும். நம்மோடு விலை பேசுகிற ஏற்றுமதியாளருக்கு இங்கிலீஷ் தெரியும், வாஸ்தவம்தான். ஆனால் கிராமத்துக் கொள்முதலும், லாரிக்காரரோடு பேச்சும், திடீரென்று வரும் அரசாங்க உத்தரவும் அந்த ஊர் பாஷையில்தான். நடுவில் இருப்பவர் சொல்வதை நம்பித்தான் நாம் பணம் அனுப்புகிறோம்.

1988-க்குப் பிறகு பர்மாவில் தனியார் வியாபாரத்துக்கு வழி திறந்தது. தொண்ணூறுகளில் எங்கள் கடைக்கு அங்கிருந்து உளுந்து வரத் தொடங்கியது. எங்கள் கணக்குப்பிள்ளை, 1964-க்குப் பின் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒருநாள் ரங்கூன் தரகர் ஐ.எஸ்.டி.யில், "சரக்கே இல்லை, இன்றே விலை முடித்தால்தான் உண்டு" என்று அவசரப்படுத்தினார். கணக்குப்பிள்ளை போனை வாங்கி, "மாப்பே" என்று அவர்கள் சொல்லும் உளுந்தைப் பற்றி பர்மியப் பாஷையில் நலம் விசாரிப்பது போல் நாலு வார்த்தை பேசினார். எதிர்ப்பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு சரக்கும் இருந்தது, விலையும் இறங்கியது. அதற்குப் பின் அந்தத் தரகர் எங்களிடம் அவசரம் காட்டியதே இல்லை. (அவர்கள் சந்தையில் இன்றும் வீசைக் கணக்கு உண்டு. நம் பழைய வீசைதான். ஆனால் அங்கே 1.63 கிலோ. இதுகூட அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.)

அவர் ஓய்வு பெற்றதும் அந்தப் பாஷையும் கடையை விட்டுப் போய்விட்டது. புதிதாக ஒருவரைத் தேடினால் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகள்தான் படித்தாக வேண்டும்.

படிப்புக்கு அனுப்புவதென்றால் ஜெர்மனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். இது பலருக்கும் தெரிந்த சங்கதி. தெரியாத ஒன்று உண்டு. அந்த நாட்டில் மொத்த வியாபாரமும் அயல் வணிகமும் சேர்ந்து மூன்று வருஷத் தொழிற்பயிற்சியாகவே இருக்கிறது. பிள்ளை ஒரு கம்பெனியில் சேர்ந்து கொள்முதல், கிடங்கு, விலை நிர்ணயம், ஏற்றுமதிக் காகிதம் எல்லாம் கைப்படச் செய்து பழக வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி. பரீட்சை நடத்துவது அவ்வூர் வணிகர் சபை, அதாவது நம்மைப் போன்றவர்களின் சபை! பயிற்சிக் காலத்தில் மாதச் சம்பளமும் உண்டு. ஆனால் எல்லாம் ஜெர்மன் பாஷையில்தான் நடக்கும். சாதாரணமாகக் குறைந்தது பி1 நிலை கேட்பார்கள். இங்கிலீஷை மட்டும் நம்பிப் போகிற பிள்ளைக்கு இந்தக் கதவு திறக்காது.

என் அண்ணன் பேத்தி பி.காம். முடித்திருக்கிறாள். அவள் தகப்பன் கிடங்குப் பத்திரத்தை அடகு வைத்து லண்டனுக்கு அனுப்பத் தயாராக இருந்தான். அந்தப் பெண்தான் பிடிவாதமாக நின்று ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது பி1 படிக்கிறாள். பயிற்சிக்கு இடம் கொடுக்கும் கம்பெனி இன்னும் அமையவில்லை, எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். போனால் திரும்பி வந்து கடையில் உட்காருவாளா என்று தகப்பன் என்னிடம் கேட்கிறான். லண்டன் போயிருந்தாலும் அதே கேள்விதானே என்றேன். அவனுக்கு அது சமாதானமாக இல்லை.

ஜப்பானிலும் இதே நிலைமைதான். அங்கே படிக்கும் மாணவர் அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம். பாஷை தெரியாதவருக்கு அந்த வேலை கிடைப்பதே கஷ்டம்.

சென்னையில் ஜெர்மனுக்கு மாக்ஸ்முல்லர் பவனும், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸும் இருக்கின்றன. பிரெஞ்சுக்குப் பாண்டிச்சேரியிலும் வசதி உண்டு. மூன்றே மாதத்தில் பி1 வாங்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்வோரிடம் பணம் கட்டாதீர்கள். ஒழுங்காகப் படித்தால் ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். பிளஸ் டூ முடித்தபின் ஓடுவதைவிட, பதினோராம் வகுப்பு விடுமுறையிலேயே சேர்த்துவிடுவது நல்லது.