ஜானு சொன்ன பொய்யும் இணையத்துப் படக்கதையும்

2018 அக்டோபரில் வெளிவந்த '96' படத்தில் பலரும் மறக்காத காட்சி ஒன்று உண்டு. பள்ளிக் காலத்தில் காதலித்துப் பிரிந்து, பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்துச் சென்னையின் இரவில் சுற்றிக்கொண்டிருக்கும் ராமையும் ஜானுவையும், ராமிடம் புகைப்படக் கலை படிக்கும் மாணவர்கள் பார்த்துவிடுகிறார்கள். ஜானுவை அவன் மனைவி என்று நினைத்துக்கொண்டு, இருவரும் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று ஆவலோடு கேட்கிறார்கள். ஜானு மறுப்பதில்லை. நடந்த பிரிவைக் கொஞ்சம் திருத்தி, இருவரும் சேர்ந்துவிட்டதாகக் கதை சொல்கிறாள். கேட்பவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். பார்க்கிற நமக்கு உதட்டில் சிரிப்பும் தொண்டையில் அடைப்பும் ஒரே நேரத்தில் வருகின்றன. இன்று இணையத்தில் சினிமாக் காட்சிகளை நான்கைந்து கட்டங்களில் மாற்றி வரைந்து, முதல் மூன்றில் சிரிக்கவைத்துக் கடைசிக் கட்டத்தில் நெஞ்சைப் பிசையும் படக்கதைகள் செய்வதும் இதைத்தான். அப்படிப்பட்ட கேலி ஒரு படத்தைக் கீழிறக்குவதில்லை. படத்தை ஆழ்ந்து படித்தவர்களால்தான் அதைச் செய்யவும் முடியும், ரசிக்கவும் முடியும் என்பதே என் கருத்து.

சினிமாவைக் கேலி செய்வது நமக்குப் புதிதல்ல. மயிலாப்பூர், தி.நகர் சபா மேடைகளில் எஸ்.வி.சேகரும் கிரேசி மோகனும் சினிமா வசனத்தையும் பாட்டையும் திருகிப் போட்டபோது அரங்கம் அதிர்ந்தது. விஜய் டி.வி.யில் 'லொள்ளு சபா' முழுப் படங்களையே கேலிக்கு எடுத்துக்கொண்டது. ஆனந்த விகடனில் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்த சிம்புதேவன் 2006-ல் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' மூலம் பழைய ராஜா-ராணிப் படங்களின் மீசையை முறுக்கிவிட்டார். 2010-ல் சி.எஸ்.அமுதனின் 'தமிழ்ப் படம்' நாயக சாகசங்களை வரிசையாகக் கட்டி உதைத்தது. இவற்றின் குறி ஒன்றுதான்: படங்களில் அலுத்துப்போன வழக்கங்கள். பறந்து அடிக்கும் நாயகன், ஒரே பாட்டில் பணக்காரன் ஆவது போன்றவை. அங்கே சிரிப்போடு வேலை முடிந்துவிடுகிறது, அதுவே போதும். சோகம் கலந்த கேலியின் குறி வேறு. அது வழக்கத்தைத் தொடுவதில்லை. கதாபாத்திரத்தின் மனத்தில் படம் சொல்லாமல் விட்ட இடத்தைத் தொடுகிறது.

இதற்கும் நம்மிடம் நல்ல முன்னோடி இருக்கிறது. கே.பாலசந்தரின் மேடை நாடகமாக இருந்து 1964-ல் ஏவி.எம். தயாரிப்பில் படமான 'சர்வர் சுந்தரம்' சினிமா உலகத்தையே உள்ளே காட்டிச் சிரிக்கவைத்தது. நாகேஷ் நடித்த ஓட்டல் சர்வர் பெரிய நடிகனாகிறான், ஆனால் விரும்பிய பெண் அவனுக்குக் கிடைப்பதில்லை. சபா ரசிகர்களும் தியேட்டர் ரசிகர்களும் நாகேஷைப் பார்த்துச் சிரித்தார்கள், அதே நாகேஷுக்காகக் கண் கலங்கினார்கள். இரண்டுக்கும் நடுவே அவர்களுக்குச் சங்கடம் எதுவும் இல்லை. தமிழ் ரசிகருக்கு இந்தக் கலவை அறுபது ஆண்டுகளாகப் பழகிய ருசி.

கட்டங்களில் சொல்லும் வடிவம் இதில் செய்வது என்ன? இரண்டரை மணி நேரப் படத்தை வாசகர் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கிறார். மஞ்சள் குர்தா ஒன்றை வரைந்தால் போதும், ஜானு வந்துவிடுகிறாள். ஒரு பழைய டிரங்குப் பெட்டியை வரைந்தால் ராமின் இருபத்திரண்டு ஆண்டுகள் வந்துவிடுகின்றன. அறிமுகத்துக்கு இடம் செலவாகாததால், வரைபவர் நேராகக் கேள்விக்குப் போய்விடலாம். அன்று கல்லூரி வாசலில் அவள் அவனை அடையாளம் கண்டிருந்தால்? சிங்கப்பூர் விமானம் தாமதமாகியிருந்தால்? சிரிப்பு வாசகரின் காவலைத் தளர்த்துகிறது. இது சும்மா விளையாட்டு என்று அவர் நம்பிய நேரத்தில் கடைசிக் கட்டம் உண்மையைச் சொல்கிறது. நேரடியாக அழவைக்க வரும் காட்சிக்கு எதிராக நாம் எல்லோரும் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறோம். சிரித்துக்கொண்டிருக்கும்போது வருகிற வலிக்கு எதிராக யாரும் தயாராக இருப்பதில்லை.

'விண்ணைத்தாண்டி வருவாயா' இதற்கு இன்னும் வலுவான சான்று. 2010 பிப்ரவரி 26 அன்று தமிழிலும் தெலுங்கிலும் ஒரே நாளில் வெளியானது. தெலுங்கில் காதலர்கள் சேர்கிறார்கள், தமிழில் பிரிகிறார்கள். தமிழ்ப் பதிப்பில் கார்த்திக் தான் எடுக்கும் படத்துக்குள்தான் ஜெஸ்ஸியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். வாழ்க்கையில் கிடைக்காத முடிவை அவன் கலையில் வரைந்துகொள்கிறான். பத்தாண்டு கழித்து, 2020 ஊரடங்கில் படத்தின் இயக்குநர் கௌதம் மேனன் 'கார்த்திக் டயல் செய்த எண்' என்ற குறும்படத்தில் இருவரையும் தொலைபேசியில் பேசவைத்தார். உடனே மீம்களும் குட்டிப் படக்கதைகளும் குவிந்தன. பல வெறும் கிண்டல். ஆனால் சில, ஜெஸ்ஸியின் கணவனை நினைத்துப் பார்த்தன. படம் முகம் கொடுக்காத ஒரு மனிதனுக்கு மனம் இருக்கும் என்று ரசிகர்கள் எண்ணியது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை. தேர்ந்த விமர்சகர் ஒருவர் நான்கு பக்கத்தில் எழுப்ப வேண்டிய கேள்வி அது.

நகைச்சுவை நடிகர் வடிவேலு விஷயத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 2019 மே மாத இறுதியில், சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று யாரோ கேட்க, இதுதான் காண்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்தது என்று ஒரு தமிழர் பதில் சொன்னார். 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் நேசமணியாக வடிவேலு நடித்த நகைச்சுவை அது. ஒரே நாளில் உலகமே நேசமணி உடல்நலத்துக்குப் பிரார்த்தனை செய்தது. வேடிக்கைதான். ஆனால் அப்போது 'இம்சை அரசன் 24-ம் புலிகேசி' நின்றுபோய், வடிவேலு புதுப் படங்கள் இல்லாமல் இருந்த காலம். அவருடைய முகம் அன்றாடம் கண்ணில் பட்டது திரையரங்கில் அல்ல, மீம்களில். 2022 டிசம்பரில் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' வரும்வரை ஒரு கலைஞனைத் தமிழர்கள் கேலியின் வழியாகவே கைவிடாமல் வைத்திருந்தார்கள்.

எதிர்க்கருத்துகள் இருக்கின்றன, அவை லேசானவை அல்ல. இரண்டு வருடம் உழைத்து எடுத்த உணர்ச்சியை நான்கு கட்டத்தில் கேலியாக்கினால் படைத்தவருக்கு வலிக்காதா என்பது ஒன்று. வலிக்கும் கேலிகள் உண்டு. நடிகரின் நிறத்தையும் உடம்பையும், காதலித்த பெண்ணின் நடத்தையையும் குத்துபவை நிறையவே உலவுகின்றன. அவற்றுக்கு நான் வாதாட வரவில்லை. பிரித்தறிவது கடினமுமல்ல: கதாபாத்திரத்தின் பக்கம் நின்று சிரிக்கிறதா, அவரைக் கீழே தள்ளிச் சிரிக்கிறதா என்று பார்த்தால் போதும். படம் பார்க்காதவருக்கு இது புரியாதே என்பது இன்னொன்று. உண்மை. ஆனால் 'தளபதி'யின் 'யமுனை ஆற்றிலே' தெரியாதவருக்கு, '96'-ல் ஜானு அந்தப் பாட்டைப் பல ஆண்டுகள் பாடாமல் வைத்திருந்து கடைசியில் பாடுவதன் பாரமும் பாதிதான் புரியும். முன்னால் வந்த கலையின் தோளில் ஏறுவது குற்றமானால் '96'-ம் குற்றவாளிதான்.

மூன்றாவது, இது திருட்டு என்பது. இங்கே சட்டமே தெளிவாக இல்லை. 1957-ம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு விமர்சனத்துக்கும் திறனாய்வுக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. கேலியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-லேயே கேலிப் பாட்டு ஒன்று நியாயமான பயன்பாடாக இருக்க முடியும் என்று ஏற்றது. கனடா 2012-லும் பிரிட்டன் 2014-லும் கேலியைச் சட்டத்திலேயே எழுதிச் சேர்த்தன. நம்மிடம் அது இல்லாததால், தயாரிப்பு நிறுவனம் ஒன்று நோட்டீஸ் அனுப்பினால் அடையாற்றில் வாடகை வீட்டில் உட்கார்ந்து வரையும் இளைஞர் பயந்து படத்தை நீக்குவதைத் தவிர வேறு வழி காணமாட்டார். அவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. பல நேரம் பெயர்கூட இல்லை, ஏனென்றால் அவர் வரைந்ததை எடுத்துப் பரப்புகிறவர்கள் கையெழுத்தை வெட்டிவிடுகிறார்கள். சட்டத்தில் கேலிக்கும் பகடிக்கும் வெளிப்படையான இடம் தர நாடாளுமன்றம் முன்வர வேண்டும். அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்களைச் சிரிக்கவைத்துக் கலங்கவைத்த படக்கதையை அடுத்தவருக்கு அனுப்பும்போது, வரைந்தவரின் பெயரோடு அனுப்புங்கள்.